ஷாமிசென்: தந்தியை மீட்டவும் தோலைக் காக்கவும்

ஜப்பானின் ஷாமிசெனைத் தந்திக் கருவி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். மூன்று தந்தி இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு வாரம் வாசித்துப் பார்த்தவர்களுக்கு அது பாதி தோல்வாத்தியம் என்பது தெரிந்துவிடும். வலக்கையில் பிடிக்கும் பாச்சி என்ற மீட்டும் தகடு தந்தியை அடித்த வேகத்திலேயே தோலிலும் போய் விழுகிறது. தோலின் ‘டொக்’கும் தந்தியின் நாதமும் ஒரே நொடியில் சேர்ந்து வந்தால்தான் அது ஷாமிசென் சத்தம். உட்காரும் விதம், தந்திகளைத் தாங்கும் குதிரையை வைக்கும் இடம், வாசித்து முடித்ததும் செய்யவேண்டிய வேலை என்று எதைக் கேட்டாலும் பதில் அந்த இழுத்துக் கட்டிய தோலில்தான் போய் நிற்கும்.

வந்த வழியையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சீனத்து மூன்று தந்திக் கருவி ரியூக்யூ தீவுகளில் பாம்புத்தோல் போர்த்த சன்ஷின் ஆனது. 16ஆம் நூற்றாண்டில் அது ஒசாகாவுக்கு அருகிலுள்ள சக்காய் துறைமுகத்துக்கு வந்தது. அங்கே அதைக் கையில் எடுத்தவர்கள் பிவா என்ற கருவியை வாசித்துவந்த பார்வையற்ற கலைஞர்கள். பிவாவின் பெரிய பாச்சியை இதற்கும் கொண்டுவந்ததும், பாம்புத்தோலுக்குப் பதில் பூனைத்தோல், நாய்த்தோல் ஏறியதும் அதன் பிறகுதான்.

எதை வாங்குவது

முதலில் எந்த இசை என்று தீர்மானியுங்கள், பிறகு கருவியைப் பாருங்கள். இடக்கை விரல்கள் ஓடும் தண்டியின் பருமனை வைத்து மூன்று வகை உண்டு. மெல்லிய தண்டி கொண்ட ஹோசோசாவோ கபுகி நாடக மேடையின் நாகவுட்டா பாட்டுக்கு உரியது. நடுத்தரமான சூசாவோ ஜியுட்டா என்ற சிறு அரங்கப் பாட்டுக்கும் மின்யோ நாட்டுப்பாடல்களுக்கும். தடித்த ஃபுட்டோசாவோ புன்ராக்கு பொம்மலாட்டத்தில் கதை சொல்லும் கிதாயூ பாணிக்கும், வடக்கே ஆவோமொரி பகுதியில் பிறந்த சுகாரு ஷாமிசெனுக்கும். வகை மாறினால் பாச்சி, குதிரை, தந்தியின் பருமன், கையின் அசைவு எல்லாம் மாறும். சுகாருவின் வேகத்தில் மயங்கிவிட்டு, மலிவாகக் கிடைத்தது என்று ஹோசோசாவோவை வாங்கினால் இரண்டு மாதத்தில் மறுபடியும் கடைக்குத்தான் போகவேண்டியிருக்கும். இங்கே ஹோசோசாவோவை அடிப்படையாக வைத்துச் சொல்கிறோம். சுகாருவில் மாறுவதை அங்கங்கே குறிப்பிடுகிறோம்.

தண்டிக்கு மூன்று மரங்கள் வழக்கம்: காரின், ஷிதான், கோக்கி. மூன்றில் காரின் மென்மையானது, விலையும் குறைவு. உச்சத்தில் இருக்கும் கோக்கி வேறொன்றும் இல்லை, கிழக்குத் தொடர்ச்சி மலையில் விளையும் நம் செம்மரம்தான். நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. நகமும் தந்தியும் வருடக்கணக்கில் உரசினாலும் எளிதில் பள்ளம் விழாது என்பதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. பழகுபவருக்குக் காரின் போதும்.

தோல் விஷயத்தில் எங்கள் அபிப்பிராயம் தெளிவானது: முதல் கருவிக்குச் செயற்கைத் தோல். இயற்கைத் தோலின் குழைவு அதில் வராது, சத்தம் கொஞ்சம் வறண்டிருக்கும். ஆனால் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது அது கிழியாது. இயற்கைத் தோலைக் கட்டிக் காக்கும் பழக்கம் வருவதற்குள் ஒரு தோலை இழப்பது சாதாரணமாக நடக்கிறது. இரு பக்கமும் மாற்றச் சில பத்தாயிரம் யென் ஆகும்.

பழைய கருவியை வாங்குவதாக இருந்தால் ஐந்து இடங்களைப் பாருங்கள். தோலின் ஓரம் சட்டத்தை விட்டு எங்காவது எழும்பியிருக்கிறதா? தண்டியை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தால் மேல்முகத்தில் அலை அலையாகப் பள்ளம் தெரிகிறதா? தண்டியின் பொருத்துகளில் நகம் நுழையும் இடைவெளி உண்டா? தந்தியை முறுக்கும் பிரடைகளை அழுத்தித் திருகினால் அந்த இடத்திலேயே நிற்கின்றனவா? முதல் தந்தியைத் தட்டினால் ரீங்காரம் வருகிறதா? பிரடையையும் ரீங்காரத்தையும் பெரும்பாலும் எளிதில் சரிசெய்யலாம். தோலும் பள்ளமும் கைவினைஞரிடம் போகவேண்டிய வேலை. பொருத்தில் இடைவெளி இருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது.

பாகங்கள்

வீணை தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. தண்டிக்குச் சாவோ என்று பெயர். அதில் மெட்டுகள் கிடையாது, கோட்டுவாத்தியம்போல வழவழப்பான தண்டி. பெரும்பாலானவை மூன்று துண்டாகக் கழலும். உச்சியில் வளைந்த தலை டென்ஜின், அதில் மூன்று பிரடைகள். தலைக்குக் கீழே மேருவின் வேலையைச் செய்யும் சிறு பட்டை காமிகோமா. அடியில் நான்கு பலகையால் ஆன பெட்டி டோ, அதன் முன்னும் பின்னும் தோல். முன் தோலில் பாச்சி விழும் இடத்தில் அரைவட்டமாக ஒரு சிறு தோல்துண்டு ஒட்டியிருக்கும், அது அடியைத் தாங்குவதற்கு. தோலின் மீது நிற்கும் குதிரை கோமா. தந்திகளை அடியில் பிடித்திருக்கும் பின்னல் கயிறு நெயோ.

துணைப்பொருள்கள் நான்கு. வலது முழங்கை வியர்வை படாமல் பெட்டியின் மேல்விளிம்பை மூடும் டோகாகே. தொடையில் வழுக்காமலிருக்க ஹிசாகோமு என்ற ரப்பர் துண்டு. இடக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாட்டும் யூபிகாகே என்ற பின்னல் துணி, இது இல்லாவிட்டால் கை தண்டியில் ஒட்டிக்கொண்டு நகராது. நான்காவது ஷினோபிகோமா என்ற நீளமான குதிரை. அதன் இரு முனையும் தோலைத் தொடாமல் சட்டத்தின்மேல் உட்காரும், அதனால் சத்தம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். இரவில் பழகுபவர்களுக்கு அக்கம்பக்கத்தின் ஆசியைப் பெற்றுத்தரும் பொருள் இதுதான்.

பூட்டுவதும் குதிரை வைப்பதும்

மூன்று துண்டையும் பூட்டும்போது முறுக்கக் கூடாது. பள்ளமும் நாக்கும் நேராகப் பார்த்து, உள்ளங்கையால் நேர்கோட்டில் அழுத்துங்கள். கழற்றுவதும் அப்படியே, நேராக இழுக்கவேண்டும். முறுக்கினால் நாக்கின் விளிம்பு நசுங்கும். நசுங்கிய பொருத்து தண்டியின் மேல்முகத்தில் ஒரு மயிரிழைப் படியாக நிற்கும், விரல் தேய்த்துப் போகும்போதெல்லாம் அது தட்டும். கழற்றி வைக்கும்போது பொருத்து முனைகளில் காரித்சுகி என்ற மரமூடிகளைச் செருகி வைப்பது வழக்கம். அவற்றைத் தொலைத்துவிடாதீர்கள்.

குதிரையை வாசிக்கும்போது மட்டும்தான் வைக்கவேண்டும். இடக்கையால் மூன்று தந்தியையும் சற்றே தூக்கி, அடியில் செருகி நிமிர்த்துங்கள். தந்தி அழுத்திக்கொண்டிருக்கும்போது தோலின்மேல் இழுத்து நகர்த்தினால் கீறல் விழும், கீறல் பின்னாளில் கிழிசலாகும். நாகவுட்டாவில் பெட்டியின் கீழ்விளிம்பிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளி வைப்பார்கள். சுகாருவில் அதைவிட நெயோவை ஒட்டி வரும். மேலே தள்ள நாதம் மிருதுவாகும், ஆனால் தோலின் நடுப்பகுதிமேல் பாரம் கூடும். கீழே தள்ளச் சத்தம் கூர்மையாகும். குதிரையின் உயரமும் முக்கியம். பூ, ரின் என்ற ஜப்பானிய அளவுகளில் நாகவுட்டாவுக்கு 3 பூ 2 ரின் சுற்றுவட்டாரம், அதாவது கிட்டத்தட்ட 9.7 மில்லிமீட்டர். சுகாருவுக்கு 2 பூ 6 ரின், 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாழ்ந்த குதிரையில் தந்தி தண்டியில் மோதி இரையும். உயரம் அதிகமானால் விரல் வலிக்கும், அழுத்தும்போது சுருதியும் ஏறிப்போகும்.

சுருதி சேர்ப்பது

தலைக்குப் பக்கத்தில் நின்று தந்தியை முறுக்கும் பிரடைகள் வெறும் உராய்வில் நிற்பவை. உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருகவேண்டும். அழுத்தாமல் திருகினால் கையை எடுத்ததும் ‘சர்ர்’ என்று அவிழ்ந்துவிடும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவதுதான் நிற்கும்.

சுருதியின் உயரத்தை ஜப்பானியர் ‘ஹொன்’ என்ற எண்ணால் சொல்வார்கள், நாம் கட்டை என்பதைப்போல. ஆனால் எண்ணிக்கை வேறு. அங்கே 1 ஹொன் என்பது நம்முடைய 6 கட்டை. ஒவ்வொரு ஹொன்னும் அரை ஸ்வரம். ஆக 4 ஹொன் என்றால் நம் 1 கட்டை, 6 ஹொன் என்றால் 2 கட்டை. முதல் தந்தியை அந்தச் சுருதிக்கு வைப்பார்கள். 4 ஹொன்னில் அது சுமார் 131 ஹெர்ட்ஸ்.

முதல் தந்தி தடித்தது, மூன்றாவது மெல்லியது. சேர்ப்பதில் மூன்று முறைகள் அடிப்படை. ஹொன்சோஷியில் முதல் தந்தி ச, இரண்டாவது ம, மூன்றாவது மேல் ச. அதிலிருந்து இரண்டாம் தந்தியை ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால் ச, ப, மேல் ச. இதுவே நியாகாரி, ‘இரண்டாவது ஏறியது’ என்று பொருள். ஹொன்சோஷியிலிருந்து மூன்றாவதை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் ச, ம, கைசிகி நிஷாதம். இது சன்சாகாரி. ஒரே பாட்டின் நடுவிலும் முறையை மாற்றுவதுண்டு. அதனால் வாசித்துக்கொண்டே பிரடை திருகும் பழக்கம் பின்னால் தேவைப்படும். முதல் மூன்று மாதம் ஹொன்சோஷியை விட்டு நகரவேண்டாம்.

இந்தக் கருவியின் உயிர் சவாரி என்ற ரீங்காரம். (பெயரைப் பார்த்துக் குதிரையோடு முடிச்சுப் போடவேண்டாம், ஜப்பானிய மொழியில் அதற்குத் ‘தொடுதல்’ என்று பொருள்.) இரண்டாம், மூன்றாம் தந்திகள் காமிகோமாவின் மீது ஏறிப் போகும். முதல் தந்தி மட்டும் அதில் ஏறாமல், தண்டியிலேயே செதுக்கிய ஒரு மேட்டை உரசிக்கொண்டு போகும். தம்பூராவில் நூல் செருகி ஜீவா வைப்பது எந்த வேலையைச் செய்கிறதோ அதே வேலைதான் இங்கே அந்த மேடு செய்கிறது. சுருதி சரியாகச் சேர்ந்தால் மூன்றாம் தந்தியைத் தட்டும்போதே, தொடாத முதல் தந்தியும் சேர்ந்து இரையும். இரையாவிட்டால் சுருதி எங்கோ ஒரு மயிரிழை விலகியிருக்கிறது. ட்யூனர் பச்சை காட்டினாலும் இந்த ரீங்காரம் வரும்வரை சேர்த்துக்கொண்டே இருங்கள். சுகாரு கருவிகளில் தண்டியின் பின்புறம் ஒரு சிறு திருகு இருக்கும், அதைத் திருப்பி ரீங்காரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். மற்றவற்றில் மேடு தேய்ந்துபோனால் கைவினைஞர்தான் செதுக்கவேண்டும். கத்தியைக் கையில் எடுக்காதீர்கள்.

உட்காருவதும் வலக்கையும்

மண்டியிட்டு உட்காரலாம், நாற்காலியிலும் உட்காரலாம். தொடை சமமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். வலது தொடையில் ஹிசாகோமுவை விரித்து அதன்மேல் பெட்டியை வையுங்கள். வலது முன்கை டோகாகேயின்மேல் படிந்து அதன் எடையால் பெட்டியை அழுத்தும், அப்போது தண்டி இடப்பக்கம் மேலே எழும்பும். டென்ஜின் காதின் உயரத்துக்கு வந்தால் சரி.

இப்போது இடக்கையை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். தண்டி விழாமல் நிற்கவேண்டும். விழுந்தால் வலது முன்கை பெட்டியின்மேல் சரியாகப் படியவில்லை என்று பொருள். இந்த ஒரு சோதனையில் தேறாமல் அடுத்த கட்டத்துக்குப் போனவர்கள், இடக்கையால் தண்டியைத் தாங்கிக்கொண்டே வாசிக்கப் பழகிவிடுகிறார்கள். தாங்கும் கை வேகமாக நகராது. இன்னொரு தவறு, தந்தியைப் பார்ப்பதற்காகக் கருவியின் முகத்தை மேல்நோக்கிச் சாய்ப்பது. சாய்த்தால் பாச்சி தோலில் தட்டையாக விழாமல் முனையால் குத்தும். எதிரே ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டால் இரண்டும் தெரிந்துவிடும்.

பாச்சி என்பது விசிறிபோல் விரிந்த தகடு. மேடைக் கலைஞர்கள் முன்பு யானைத் தந்தத்தில் வைத்திருந்தார்கள். பழகுவதற்கு மரமோ பிளாஸ்டிக்கோ போதும். பிடிக்கும் முறை விசித்திரமாகத்தான் இருக்கும். காம்பை மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே விடுங்கள், சுண்டுவிரல் மட்டும் மறுபக்கத்தில் நிற்கும். மற்ற மூன்று விரல்களும் ஒட்டி வளைந்து காம்பின்மேல் படியட்டும். கட்டைவிரல் நுனி தகடு விரியத் தொடங்கும் இடத்தில் அழுத்தட்டும். முதல் வாரம் சுண்டுவிரலின் அடி வலிக்கும், அது இயல்பு. கட்டைவிரலின் அடி வலித்தால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள்.

மணிக்கட்டை உள்நோக்கி மடித்து, பாச்சியின் முனை தந்திகளுக்குக் குறுக்கே வருமாறு வையுங்கள். அசைவு மணிக்கட்டிலிருந்தும் முன்கையின் சுழற்சியிலிருந்தும் வரவேண்டும், தோளிலிருந்து வரக்கூடாது. பாச்சியின் முனை தந்தியைக் கடந்து தோலில் விழுந்து, ஒரு கணம் அங்கேயே தங்கவேண்டும். துள்ளி எழுந்தால் சத்தம் சிதறும். தோல் கிழிந்துவிடுமோ என்ற பயத்தில் தந்தியை மட்டும் வருடுபவர்களுக்கு வெறும் கம்பிச் சத்தம்தான் வரும். மிக உயரத்திலிருந்து அடிப்பவர்களுக்கு மத்தளம் மட்டும் கேட்கும். ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, கையின் எடையை அப்படியே விழவிடுவது நல்ல தொடக்கம். அடி எப்போதும் அந்த அரைவட்டத் தோல்துண்டின்மேல் விழட்டும். சுகாருவில் மட்டும் குதிரைப் பக்கம் நகர்ந்து உரக்கவும், தண்டிப் பக்கம் நகர்ந்து மெதுவாகவும் அடிப்பது அழகின் ஒரு பகுதி.

முதல் பத்து நாள் இடக்கை வேண்டாம். ஒவ்வொரு தந்தியாகத் திறந்தபடி, ஒரே காலத்தில், நாளுக்கு இருபது நிமிடம். இரண்டாம் தந்தியை அடிக்கும்போது மூன்றாம் தந்தியில் பாச்சி படாமலிருப்பதுதான் உண்மையான சிரமம்.

இடக்கையும் எண்களும்

இடக்கையில் ஆள்காட்டி, நடு, மோதிரம் ஆகிய மூன்று விரல்கள்தான் வேலை செய்யும். விரலின் சதையால் அழுத்தினால் நாதம் மழுங்கும். நகமும் சதையும் சேரும் விளிம்பால் தந்தியை அழுத்தவேண்டும். அதனால் நகத்தை ஒட்ட வெட்டக் கூடாது, நீட்டியும் வைக்கக் கூடாது. கொஞ்ச நாளில் நகத்தில் ஒரு சிறு பள்ளம் விழும், அது உழைப்பின் அடையாளம். பள்ளம் ஆழமாகித் தந்தி சிக்கத் தொடங்கினால் அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

குறிப்பெழுத பூங்கா-ஃபு என்ற முறை பரவலாகப் பயன்படுகிறது. மூன்று தந்திக்கு மூன்று கோடு, கோட்டின்மேல் எண். 0 என்றால் திறந்த தந்தி. அதிலிருந்து ஒவ்வொரு அரை ஸ்வரத்துக்கும் ஒரு குறி: 1, 2, 3, பிறகு ஒரு ஷார்ப் குறி, பிறகு 4, 5, 6, 7, 8, 9, பிறகு ஒரு ஃப்ளாட் குறி, பிறகு 10. இந்த ஏற்பாட்டால் 4இல் மத்யமம், 6இல் பஞ்சமம், 10இல் மேல் ஷட்ஜமம் வந்து உட்காருகின்றன.

இடங்களை அளந்தும் கண்டுபிடிக்கலாம். காமிகோமாவிலிருந்து குதிரைவரை தந்தியின் நீளத்தை எடுங்கள். அதில் கால் பங்கு இறங்கினால் 4, மூன்றில் ஒரு பங்கில் 6, சரிபாதியில் 10. நீளம் 78 சென்டிமீட்டர் என்றால் அவை 19.5, 26, 39 சென்டிமீட்டர். முதல் அரை ஸ்வரமான 1 சுமார் 4.4 சென்டிமீட்டரில் வரும். குதிரையை நகர்த்தினால் எல்லா இடமும் நகரும், ஆகவே தினமும் ஒரே இடத்தில் குதிரையை வைப்பது முக்கியம். தண்டியின் பக்கவாட்டில் ஒட்டுவதற்கு ஃபுஜாகு என்ற எண்பட்டை விற்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் ஒட்டி வைத்துவிட்டுக் கழற்றிவிடுங்கள். கண்ணுக்குப் பழகிவிட்டால் காது சோம்பேறியாகிவிடும்.

முதல் பாட்டுக்கு எல்லாருக்கும் தெரிந்த ‘சக்குரா சக்குரா’ மெட்டு. ஹொன்சோஷியில் இதற்குத் திறந்த தந்திகளும் 1, 4 என்ற இரண்டே இடங்களும் போதும். தந்தியின் எண்ணை முதலிலும் இடத்தின் எண்ணைப் பின்னாலும் எழுதியிருக்கிறோம். 2–4 என்றால் இரண்டாம் தந்தியில் நான்காம் இடம். கோடு நான்கு நான்கு தாள அடிகளாகப் பிரிக்கிறது.

2–4, 2–4, 3–0 (இரண்டு அடி நீளம்) | அதையே இன்னொரு முறை
2–4, 3–0, 3–1, 3–0 | 2–4, அரையடியாக 3–0, 2–4, பிறகு 2–1 (இரண்டு அடி)
2–0, 1–1, 2–0, 2–1 | 2–0, அரையடியாக 2–0, 1–1, பிறகு 1–0 (இரண்டு அடி)

இரண்டாம் தந்தியை ஷட்ஜமமாக வைத்துப் பாடிப் பாருங்கள்: மம ப, மம ப, மபதப மபம ரி. சுத்த ரிஷபம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம். சாவேரியின் ஆரோகணத்தில் வரும் அதே ஐந்து ஸ்வரங்கள்தான் ஜப்பானின் மியாக்கோபுஷி என்ற ஸ்வரவரிசை. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு 1ஆம் இடத்தின் சுத்த ரிஷபம் தவறினால் உடனே தெரிந்துவிடும். பலருக்கு அந்த இடம் கொஞ்சம் ஏறித்தான் விழுகிறது. திறந்த தந்திக்கு அருகில் விரல் வைக்கும்போது தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துவிடுவதே காரணம்.

ஆசிரியர்கள் எண்ணைவிட வாய்ச்சொல்லையே நம்புவார்கள். மிருதங்கத்துக்குச் சொற்கட்டு இருப்பதுபோல ஷாமிசெனுக்குக் குச்சி-ஜாமிசென். மூன்றாம் தந்தி திறந்தால் ‘டென்’, அழுத்தினால் ‘சின்’. இரண்டாம் தந்தி திறந்தால் ‘டொன்’, அழுத்தினால் ‘ட்சுன்’. சேர்த்து அடித்தால் ‘ஷான்’. கீழிருந்து மேலே பாச்சியால் கோரி எடுக்கும் சுக்குய் என்ற அடியில் அதே வரிசை ‘ரென், ரின், ரொன், ருன்’ என்று மாறும். அழுத்திய விரலாலேயே தந்தியைச் சுண்டுவது ஹாஜிகி, அழுத்தியபடி தேய்த்து நகர்வது சுரி, பாச்சி இல்லாமல் விரலால் தந்தியைத் தட்டி ஒலிப்பது உச்சி. சுக்குய் முதலில், ஹாஜிகி அடுத்து. மற்றவை பாட்டில் வரும்போது பழகிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நாளும் முடித்ததும்

குதிரையை எடுத்துவிடுங்கள். இதை மட்டும் மறக்கக் கூடாது. மூன்று தந்தியின் முழு இழுவையும் அந்தச் சிறு குதிரையின் அடிவழியே தோலின் ஒரே இடத்தில் இறங்குகிறது. இரவெல்லாம் அப்படியே விட்டால் தோல் அங்கே குழிந்து தளரும், காய்ந்த நாளில் அங்கிருந்தே கிழியும். பிறகு காய்ந்த பருத்தித் துணியால் தந்திகளையும் தண்டியையும் துடையுங்கள். மரத்துக்கென்று மெழுகேற்றிய துணி விற்கிறார்கள். தண்டியின் பின்புறத்துக்கு அது நல்லது, தோலுக்கு ஒருபோதும் ஆகாது. தோலில் ஈரத்துணி, எண்ணெய், விரல் எதுவும் படவேண்டாம். கையெண்ணெய் ஏறிய இடம் கறுத்துப்போகும்.

தந்தி மாற்றுவது

மரபான தந்தி பட்டு. ஷிகா மாகாணத்தின் கினொமொத்தோ பகுதி பட்டுத் தந்திக்குப் பேர்போனது. அந்த மஞ்சள் நிறம் முன்பு மஞ்சள் கிழங்கில் தோய்த்து வந்தது. மூன்றாம் தந்தி மிக மெல்லியது என்பதால் பட்டில் சீக்கிரம் அறும், ஒரே கச்சேரியில் அறுவதும் உண்டு. அதனால் பழகுபவர்கள் மூன்றாவதுக்கு மட்டும் நைலானோ டெட்ரானோ போட்டுக்கொள்கிறார்கள். நாங்களும் அதையே சொல்வோம்.

ஒரு முனையை நெயோவில் கோத்து முடிச்சிட்டு, மறுமுனையைப் பிரடையின் துளையில் விட்டு, முதல் சுற்று அந்த முனையின்மேலேயே ஏறி அழுத்துமாறு சுற்றுங்கள். மிச்சத்தை வெட்டவேண்டாம். பிரடையிலேயே சுற்றி வைத்தால், பாச்சி படும் இடத்தில் பட்டு பிசிறும்போது மிச்சத்திலிருந்து இறக்கி, தேய்ந்த பகுதியை நெயோ பக்கம் தள்ளி வெட்டிவிட்டு அதே தந்தியை இன்னொரு முறை பயன்படுத்தலாம். பிசிறிய தந்தியில் முதலில் சுருதி தடுமாறும், பிறகுதான் அறும். ஒரு தந்தி மட்டும் எந்தச் சுருதியிலும் நிற்காமல் இறங்குகிறது என்றால் பிரடையைத் திட்டுவதற்கு முன் பிசிறைத் தேடுங்கள்.

புதுத் தந்தி நீண்டுகொண்டே இருக்கும். சுருதி சேர்த்து, கட்டைவிரலால் தந்தியைத் தண்டியிலிருந்து மெல்லத் தூக்கி இழுத்து, மறுபடி சேருங்கள். ஐந்தாறு முறை செய்தால் நிற்கத் தொடங்கும். பிரடையே நழுவினால் அதைக் கழற்றி, துளையில் உரசும் இடத்தில் வெள்ளைச் சாக்குக்கட்டி பூசிப் பாருங்கள். முறுக்கும்போது குதிரை தலைப்பக்கம் சாயும். அடிக்கடி நிமிர்த்தாவிட்டால் ஒருமுறை ‘படார்’ என்று தோலில் விழும்.

தோலும் பருவமும்

தோலைச் சட்டத்தில் ஒட்டுவது பசையரிசி மாவுக்கூழ். கைவினைஞர் தோலை நனைத்து, கூழ் தடவி, மரக்கவ்விகளும் கயிறும் ஆப்பும் கொண்டு கிழியும் எல்லைக்குச் சற்று முன்வரை இழுத்துக் காயவைக்கிறார். அந்த எல்லையில் நிற்பதால்தான் சத்தம், அதே காரணத்தால்தான் ஆபத்தும். ஜூன், ஜூலை மழைப்பருவத்தில் கூழ் ஈரம் குடித்து இளகும், தோலின் ஓரம் எழும்பும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் தோல் சுருங்கி நடுவில் வெடிக்கும். இரண்டையும்விட மோசமானது ஒரே நாளில் ஈரத்திலிருந்து வறட்சிக்குப் போவது: மோட்டார் வண்டியின் பின்பெட்டி, ஏசியின் காற்று நேராக வீசும் மூலை, வெயில் விழும் ஜன்னலோரம்.

பெட்டியை வாஷி என்ற ஜப்பானியக் காகிதப் பையில் போட்டு, அதன் பிறகு உறையில் வைப்பதுதான் வழக்கமான பாதுகாப்பு. ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தோலோடு ஒட்டி வைக்காதீர்கள், குளிர்காலத்தில் எடுத்தே விடுங்கள். ஓரம் எழும்பியதைக் கண்டால் வாசிப்பதை நிறுத்தி, தந்திகளைத் தளர்த்திக் கடைக்குக் கொண்டுபோங்கள். பசை வைத்து நீங்களே ஒட்டினால், பின்னால் தோல் மாற்றும்போது அந்தப் பசையைச் சுரண்டச் சட்டத்தையே செதுக்கவேண்டி வரும். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, தண்டியைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்துக் காற்றாடவிட்டு வாசிப்பது அதைவிட நல்லது.

தண்டியில் அடிக்கடி அழுத்தும் இடங்களில் விழும் பள்ளத்துக்குக் கன்பெரி என்று பெயர். அந்த இடத்தில் விரல் வைத்தால் மட்டும் தந்தி இரைந்தால் இதுதான் காரணம், குதிரையை உயர்த்திப் பயனில்லை. கைவினைஞர் மேல்முகம் முழுவதையும் சமமாக இழைத்துக் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் தண்டி கொஞ்சம் மெலியும், அதனால் சிறு இரைச்சலுக்கெல்லாம் இழைக்கச் சொல்லாதீர்கள்.

ஜப்பானுக்கு வெளியே எடுத்துச் செல்வதாக இருந்தால் வாங்கும் முன்பே பொருள்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தந்தப் பாச்சியும் ஆமையோட்டுப் பாச்சியும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் வருபவை. செம்மர இனம் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் சுங்கத்தில் சிக்கினால் கருவியே திரும்பி வராமல் போகலாம். காரின் தண்டி, செயற்கைத் தோல், மரப் பாச்சி, பிளாஸ்டிக் குதிரை என்று எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.